முடிவு திகதி

நடந்தது இவ்வளவுதான்:

1. நண்டும் இறாலும் பொதியிடும் எங்கள் தொழிற்சாலையில், தொழிலாளர்களின் ஒப்பந்தங்களைக் கடதாசியிலிருந்து மனிதவள மென்பொருளுக்கு மாற்றினோம்.
2. மென்பொருளின் தமிழ்த் திரையில் 'முடிவு திகதி' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒப்பந்தம் முடிவடையும் நாளை அதில் இட வேண்டும்.
3. பதிவுகளை ஏற்றிய ராத்தா, 'முடிவு' என்றால் நிர்வாகம் எடுக்கும் முடிவு என்று விளங்கிக்கொண்டார். முகாமையாளர் கையெழுத்திட்ட நாளை அதில் இட்டார்.
4. ஒரு திங்கட்கிழமை காலை, பொதியிடும் பிரிவுப் பெண்கள் வேலைக்கு வந்தபோது வாசல் இயந்திரம் அவர்களை உள்ளே விடவில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை அவர்களுடைய வேலை எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.
5. அன்று பின்னேரத்துக்குள் எல்லாப் பதிவுகளையும் திருத்தினேன்.
6. ஒருவருடைய திருத்தத்துக்கு மட்டும் முகாமையாளர் அனுமதி கொடுக்கவில்லை.
7. அந்த ஒருவர் அப்போது கர்ப்பமாக இருந்தார்.

இதை, தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் திணைக்களத்துக்காக எழுதினேன். அங்கிருந்து தொலைபேசியில் கதைத்த அதிகாரி, நடந்ததைச் சுருக்கமாக, ஒழுங்காக எழுதிக்கொண்டு வரும்படி சொல்லியிருந்தார். எழுதி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. வரிசையாக எழுதுவது எனக்கு வரும். எழுதிய பிறகு திரும்ப வாசித்தேன். பிழை எதுவும் இல்லை. ஆனால் அதில் வராத சிலது மிச்சம் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

தொழிற்சாலை வாவிக்கரையில், ஏறாவூருக்கும் பட்டணத்துக்கும் இடையில் இருக்கிறது. நான் அங்கே மனிதவளப் பிரிவில் கணினி வேலை பார்க்கிறேன். ஒரு வருட ஒப்பந்தம். எங்கள் அறையில் என்னைத் தவிர இருப்பவர் ராத்தா மட்டும்தான். ராத்தா என்றால் முஸ்லிம்களுக்கு அக்கா; தொழிற்சாலையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். ஏறாவூர்க்காரர், 'உங்கட உம்மாட வயசு எனக்கு' என்று சொல்லிக்கொள்வார். வரவு பார்ப்பது, லீவு எழுதுவது, ஒப்பந்தப் படிவங்களைக் கோப்புக்களில் போட்டுவைப்பது எல்லாம் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்து அவருடைய வேலை. மென்பொருளுக்குத் தமிழ்த் திரையும் உண்டு என்று தெரிந்தபோது என்னைவிடச் சந்தோசப்பட்டவர் அவர். "இனி உங்கள ஒவ்வொண்டுக்கும் கூப்பிட மாட்டன் புள்ள, நானே வாசிச்சு வாசிச்சு அடிப்பன்" என்றார். அப்படியே செய்தார்.

அந்தத் திங்கட்கிழமைதான் மென்பொருளை வாசலில் இருக்கும் கைரேகை இயந்திரத்தோடு இணைத்தோம். அதற்கு முன் மென்பொருள் யாரை வேலையில் இல்லை என்று நினைத்தாலும் ஒருவருக்கும் தெரிய வழியில்லை.

நண்டோட்டை உடைத்துச் சதை எடுக்கிறவர்களுக்கு விரல் ரேகை மங்கிவிடும். இயந்திரம் அவர்களைச் சட்டென்று அடையாளம் பிடிக்காது. துணியில் துடைத்து, ஊதி, இரண்டு மூன்று தடவை வைத்தால்தான் பச்சை எரியும். அதனால் சிவப்பு எரிந்தபோது முதலில் யாரும் பயப்படவில்லை. நான் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னகா, ஞாயிற்றுக்கிழமையும் நண்டு உடைச்சியா? விரலே இல்லாமப் போயிற்று போல."

"உன்ட விரல வையன் பாப்பம், பெரிய கதை கதைக்கா."

"எனக்கும் சிவப்புத்தான்கா!"

"தேசிக்காய் தேய்ச்சிப் பாருங்க. போன முறை எனக்கு அதுலதான் சரி வந்த."

"தேசிக்காய் தேய்க்கிறது இவளுக்குத் தலையில. விசர் கொஞ்சம் குறையும்."

சிரித்தார்கள். பிறகு வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் சிவப்பு எரிந்தது. சிரிப்பு நின்றது. காவலாளி என்னைக் கூப்பிட்டார். "மிஸ், ஒருத்தரையும் விடுகுதில்ல. ஓடி வாங்க."

நான் ஓடவில்லை. முதலில் திரையைத் திறந்து பார்த்தேன். பொதியிடும் பிரிவின் பெயர்களுக்கு நேரே, மேலிருந்து கீழ்வரை, 'முடிந்தது', 'முடிந்தது' என்று இருந்தது.

ராத்தாவைக் கூப்பிட்டேன். "முடிவு திகதிக்கு என்ன போட்டீங்க, ராத்தா?"

"சேர் முடிவெடுத்த திகதிதான். வேற என்னத்தப் போடுற?"

அவர் ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். எங்கள் பழைய கடதாசிப் படிவம். நடுவில் ஒரு வரி: 'ஒப்பந்தக் காலம்: … முதல் … வரை'. அடியில் இன்னொரு வரி: 'நிர்வாகத்தின் முடிவு: … திகதி: …'. அந்த அடி வரியில்தான் முகாமையாளர் 'நீடிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்.

"இஞ்ச பாருங்க புள்ள. முடிவு இரிக்கி. பக்கத்துல திகதி இரிக்கி. முடிவு திகதி. 'வரை' என்டு உங்கட சிஸ்டத்துல எங்க கேட்டிரிக்கி?"

கேட்டிருக்கவில்லை. நான் திரையையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். மென்பொருளை எங்கோ இருந்து செய்தவர்களுக்குத் தொடக்கத்துக்கு எதிர்ச்சொல் முடிவு. அது பிழையில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அலுவலகத்தோடு சேர்ந்து வரும்போது முடிவு என்பது காத்திருந்து வாங்குகிற ஒன்று. விண்ணப்பம் போட்டால் முடிவு வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக்குப் போனால் முடிவு வர வேண்டும். 'முடிவு வந்திற்றா' என்று கேட்கிறவர்கள் நல்லது நடக்கும் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். நானும் பல இடங்களில் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது. முடிவடையும் நாள் தொடங்கும் நாளுக்கு முன்னால் வந்தால் மென்பொருள் ஏற்காது, சிவப்பில் எச்சரிக்கும். ஒப்பந்தம் தொடங்குவதற்கு முன்பே முகாமையாளர் கையெழுத்திட்டிருந்தால் ராத்தா ஏற்றிய முதல் பதிவிலேயே பிழை தெரிந்திருக்கும். ஆனால் படிவங்கள் முகாமையாளருடைய மேசையில் வாரக்கணக்கில் கிடக்கும். ஆட்கள் வேலைக்கு வந்து நண்டு உடைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருப்பதா என்ற முடிவு பிறகு வரும். அதனால் எல்லாத் திகதிகளும் சரியாகப் பொருந்தின. மென்பொருளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

காவலாளியிடம் சொல்லி அன்றைக்கு மட்டும் பெயரைக் கையால் எழுதி உள்ளே விட்டோம். நான் படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'வரை' என்ற இடத்தில் இருந்த நாளைப் பார்த்து, பதிவுகளைத் திருத்தினேன். ராத்தா வாசித்தார், நான் அடித்தேன். இடையில் ஒருமுறை அவர் அழுதார் என்று நினைக்கிறேன். வாசிப்பதை நிறுத்தவில்லை.

'முடிந்தது' என்று ஆன பதிவைத் திரும்பத் திறக்க முகாமையாளரின் அனுமதி வேண்டும். பின்னேரம் மடிக்கணினியோடு அவருடைய அறைக்குப் போனேன். அவரை எல்லோரும் சேர் என்றுதான் சொல்வோம். பட்டணத்து ஆள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிளேன்டீ குடித்துக்கொண்டே பெயர்களைப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் சரி அடையாளம் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெயரில் நின்றார். அதைத் தாண்டிப் போய் மற்ற எல்லாவற்றுக்கும் போட்டு முடித்தார்.

"இத மட்டும் விடுங்க தங்கச்சி."

"சேர், அவவுக்கும் அதே பிழைதான். படிவத்தில பங்குனி வரைக்கும் இரிக்கி."

"அவ எப்பிடியும் பிள்ளப்பேற்று லீவுல போறவதானே. மறுகா வருவாவோ, மாட்டாவோ. சிஸ்டம் முடிஞ்சிது என்டு சொல்லுது. நாம ஏன் திரும்பத் துவங்குவான்?"

"அது பிழையா அடிச்சது, சேர்."

"நான் நிப்பாட்டினா, அது நான் நிப்பாட்டினது. ஆயிரம் கேள்வி வரும். இது தானா முடிஞ்சது." கோப்பையை வைத்தார். "உங்கட கொன்ட்ராக்ட்டும் மார்கழியில வருது என்ன? கொண்டு வந்து வையுங்க. உங்களுக்கு நேரத்துக்குக் கையெழுத்து வைக்கிறன்."

சிரித்தார். நான் "ஓம் சேர்" என்றேன். எதற்கு ஓம் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை.

கோபம் வர வேண்டிய இடம் அது என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை. பொதியிடும் பிரிவில் ஐஸ் தண்ணீருக்குள் கை வைத்து வேலை செய்கிறவர்கள், தேநீர் இடைவேளையில் கொதிக்கும் கோப்பையை வெறும் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சூடு என்று கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. மடிக்கணினியை மூடி, கதிரையை உள்ளே தள்ளிவிட்டு, வெளியே வந்தேன்.

அனுமதி கிடைக்காத அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது என் வேலையாக இருந்தது. மறுநாள் காலை மற்றவர்களுக்குப் பச்சை எரிந்தது. அவருக்கு எரியவில்லை. நான் போனபோது காவல் கூடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவைத்த ஒரு மீன் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். வவுணதீவிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வருகிறவர். புருசன் வட்டையில் வேலை; மற்றவர்களின் வயல்களில். மடியில் சோற்றுப் பெட்டி இருந்தது.

"மிஸ், எல்லாருக்கும் பச்ச வந்திற்று. எனக்கு?"

நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். ராத்தா விளங்கிக்கொண்டது, நான் திருத்தியது, சேர் தாண்டிப் போனது. எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"அப்ப நான் வேலையில இரிக்கனா, இல்லையா?"

"கடதாசியில இரிக்கீங்க அக்கா. கொம்பியூட்டர்ல இல்ல."

"கேற் எதப் பாக்கும்?"

"கொம்பியூட்டர."

"அப்ப இல்ல." சோற்றுப் பெட்டியின் மூடியை அழுத்தினார். "வெள்ளன ஒழும்பி ஆக்கின சோறு. தெரிஞ்சிருந்தா அந்த மனிசனுக்காவது குடுத்து விட்டிருப்பன்."

காவலாளி சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு எழும்பி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

அடுத்த நாளும் வந்தார். விரலை வைத்தார், சிவப்பு எரிந்தது, திரும்பிப் போனார். அதற்கடுத்த நாளும் வந்தார். இந்த நிலைமையில் ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

"வராம விட்டா, அவ தானா நிண்டவ என்டு சொல்லுவாங்க மிஸ். தானா முடிஞ்சது, தானா நிண்டது. எல்லாம் தானா நடக்கிற இடமா இரிக்கி இது."

மறுக்கப்பட்ட விரலையும் இயந்திரம் நேரத்தையும் சேர்த்துப் பதிந்து வைக்கும் என்று அவருக்கு அப்போது தெரியாது. நான் சொன்னேன். "அப்ப கிழமை முடியிறவரைக்கும் வாறன்" என்றார். வந்தார்.

அந்த வாரம்தான் ராத்தா சேரிடம் போனார். போகப்போவதாக என்னிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"நான்தான் பிழ விட்டன் சேர், என்னத் திட்டுங்க, எனக்கு எழுத்தில குடுங்க, அந்தப் புள்ளய உள்ளுக்கு எடுங்க என்டு சொன்னன்."

"என்ன சொன்னார்?"

"'ராத்தா, நீங்க ஒரு பிழையும் விடல்ல' என்டார்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு காலத்துல அந்த மனிசன் என்ன நல்லது சொன்னது இண்டைக்குத்தான் புள்ள."

திரையிலுள்ள சொற்களை மாற்றும் உரிமை எனக்கு உண்டு. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அன்றைக்கே 'முடிவு திகதி' என்பதை எடுத்துவிட்டு, 'ஒப்பந்தம் எந்தத் திகதி வரை' என்று போட்டேன். ராத்தா கண்ணாடியை ஏற்றி வாசித்தார். "இப்ப மனிசர் கதைக்கிற மாதிரி இரிக்கி" என்றார். அதற்குப் பிறகு ஏற்றிய பதிவுகளில் ஒரு பிழையும் இல்லை. பழைய ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது.

வாரக் கடைசியில் அக்கா தன் ஒப்பந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டார். கையெழுத்திட்டவர் கேட்டால் பிரதி கொடுக்க வேண்டும் என்று எங்கள் நிறுவன விதிகளிலேயே இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டணத்தில் தொழில் திணைக்களத்துக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார் என்பது, திணைக்களத்தின் கடிதம் தொழிற்சாலைக்கு வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடிதத்துக்கு சேர் எழுதிய பதிலை நானே தட்டச்சு செய்தேன். ஒப்பந்தம் 'முறைமையின்படி' முடிவடைந்தது என்றும், அதன் பின் அவர் வேலைக்கு வரவில்லை என்றும் அதில் இருந்தது. எழுத்துப் பிழை பார்த்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு வைத்தேன். அன்று பின்னேரமே கையெழுத்தாகி வந்துவிட்டது. அவ்வளவு விரைவாக அவருடைய கையெழுத்து வந்து நான் பார்த்ததில்லை.

பிறகுதான் அந்த அதிகாரி கதைத்தார். விசாரணைக்கு நிறுவனத்தின் சார்பில் சேர் வருவார். பதிவுகளைத் திருத்தியவர் என்ற முறையில் என்னையும் கேட்க வேண்டியிருக்கிறது என்றார். வர விருப்பமா என்றும் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

யோசித்தேன் என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் போகும்போது, வரும்போது, அது என்னோடு வந்தது. மார்கழிக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை என்றால் வீட்டில் என்ன ஆகும் என்பதை வரிசையாக எழுதிப் பார்த்தேன். வேலை இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்பதையும் எழுதினேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பூச்சியங்களும் ஒன்றுகளும் போல இருந்தன.

ஐப்பசியில் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நானும் ராத்தாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலையிறவுப் பாலத்தால் வவுணதீவுக்குப் போனோம். மழை தொடங்கியிருந்தது. ராத்தா இரண்டு சட்டையும் ஒரு நுளம்பு வலையும் வாங்கியிருந்தார். வாசலிலேயே, செருப்பைக் கழற்றிக்கொண்டு, அழத் தொடங்கினார்.

"என்னால வந்த வின மகள்…"

"சும்மா இரிங்க ராத்தா, புள்ள ஒழும்பிரும். எவ்வளவு பாடுபட்டுப் படுக்க வெச்சிரிக்கன் தெரியுமா?"

தேநீர் தந்தார். கோப்பையை நீட்டும்போது சூடு என்று கையை மாற்றினார். அதை நான் பார்த்ததை அவர் கண்டுவிட்டார். இரண்டு பெருவிரல்களையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு தங்கச்சி. ரேக திரும்ப வந்திற்று. ஐஸுல கை வைக்காம இருந்தா வரும் போல. இப்ப அந்த மெசின் என்ன வடிவா அடையாளம் பிடிக்கும்." கையை மடக்கிக்கொண்டார். "பிடிச்சும் விடாது, என்ன?"

அவர் என்னை மிஸ் என்று சொல்லவில்லை என்பதைப் பாலத்தில் திரும்பி வரும்போதுதான் கவனித்தேன்.

வீட்டில் இருந்தபோது அவர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார். "இப்ப நான் வேலையில இரிக்கனா, இல்லையா?"

"இன்னும் அதேதான் அக்கா."

"விசாரணைக்கு நீயும் வருவியா?"

ராத்தா என்னைப் பார்க்காமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாறன்" என்றேன்.

"உனக்கு ஒண்டும் செய்ய மாட்டாங்களா?"

"தெரியா அக்கா."

"தெரியா என்டு சொல்லிற்று வாறாளே, பாருங்களன் ராத்தா." குழந்தை அசைந்தது. அவர் அதன் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வருகிறேன் என்று மறுநாள் அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். தொடக்கத்தில் உள்ள வரிசையை எழுதினேன். வாசல் இயந்திரத்தில் அந்த வாரம் மறுக்கப்பட்ட விரல் பதிவுகளையும், நான் திருத்திய பதிவின் மாற்றங்களையும் எடுத்துத் தரும்படி திணைக்களம் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறது. அந்தக் கடிதமும் என் மேசைக்குத்தான் வந்தது. வாசித்து, உறையில் திரும்பப் போட்டு சேரிடம் கொடுத்தேன். அவர் உறையைத் திறக்காமல் மேசையில் வைத்தார். "நீங்களும் போறீங்களாம்" என்றார். "ஓம் சேர்" என்றேன். இந்த முறை எதற்குச் சொன்னேன் என்று தெரிந்தது.

இப்போது நிலைமை இது. அக்காவின் பதிவில் 'முடிந்தது' என்றே இருக்கிறது. நான் செய்த திருத்தம் அனுமதிக்குக் காத்திருக்கிறது. என் புதிய ஒப்பந்தப் படிவம் சேரின் மேசையில் இருக்கிறது. அதில் 'நிர்வாகத்தின் முடிவு' என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. விசாரணை அடுத்த வாரம். ராத்தா அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார், தானும் வருவதாகச் சொல்கிறார். நான் போகிறேன்.